ஆற்று மணலில் கூடாரம்: ஒரு வரைபடம் போட்டுக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்து ஆற்றங்கரைகளிலும் காட்டோரங்களிலும் கூடாரம் அடித்துத் தங்குவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் அழகு. ஆனால் நடுவில் இருந்த பெரிய படத்தைப் பார்த்ததும் எனக்குச் சாயா தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஆரஞ்சு நிறக் கூடாரம், முன்னால் இரண்டு மடக்கு நாற்காலி, பின்னால் ஒரு நீர்மருது. கூடாரம் நிற்பது ஆற்றுக்குள் இருக்கும் மணல்திட்டில். அந்த மருத மரத்தில், ஆள் உயரத்துக்கும் மேலே, காய்ந்த சருகும் ஒரு நீலப் பிளாஸ்டிக் பையும் கிளையைச் சுற்றிக் கிடப்பது படத்திலேயே தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பை மரம் ஏறிப் போகவில்லை. போன வெள்ளத்தில் தண்ணீர் நின்ற மட்டம் அது. கூடாரத்துக்குள் படுத்திருப்பவரின் தலைக்கு மேல் ஐந்தடி, ஆறடி இருக்கும்.

எழுதியவரைக் குறை சொல்ல இந்தக் கடிதம் இல்லை. இளவட்டங்கள் ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டு தூங்க ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கும் அது பிடிக்கும். பிடிக்கும் என்று நான் தெரிந்துகொண்டதே அறுபத்தாறு வயதில், அதுவும் அமெரிக்காவில். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் லஸ்கராக முப்பத்திரண்டு ஆண்டு இருந்தவன். லஸ்கர் என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. மடை திறப்பது, அடைப்பது, கால்வாய்க் கரையில் உடைப்பு இருக்கிறதா என்று நடந்து பார்ப்பது, காலை எட்டு மணிக்கு மழைமானியைப் பார்த்து அளவு எழுதுவது, ராத்திரி வெள்ளம் வந்தால் டார்ச் லைட்டும் குடையுமாக ஓடுவது, இதெல்லாம் எங்கள் வேலை. பெரும்பாலான காலம் பெருஞ்சாணி அணைக்கும் புத்தன் அணைக்கும் இடையில்தான் போயிற்று. பரளியாற்றில் அந்தப் பகுதியில் எந்தப் பாறை எத்தனை அடித் தண்ணீரில் முங்கும் என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மனைவி கடையில் வாங்கி வரச் சொன்னது மட்டும் வீட்டுப் படி இறங்கியதும் மறந்துவிடும்.

உங்கள் நாளிதழில் தினமும் உள்பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வருகிறது. அணைகளின் நீர்மட்டம், பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி, சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு, அதற்குக் கீழே பாலமோர், மயிலாடி, கொட்டாரம் என்று மழை அளவு மில்லிமீட்டரில். விவசாயிகளும் எங்களைப் போல ஓய்வு பெற்றவர்களும் தவிர அதை யாரும் படிப்பதில்லை என்று நினைக்கிறேன். பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. அந்தப் பெட்டியில் எண்கள் இந்த அளவுகளை நெருங்கிவிட்டால், அடுத்து மறுகால், அதாவது உபரிநீர் மடை, திறக்கப் போகிறார்கள் என்று பொருள். பேச்சிப்பாறை உபரிநீர் கோதையாற்றில் இறங்கித் திற்பரப்பு அருவிக்கு வரும். அருவியில் குளிக்கத் தடை என்று நீங்கள் செய்தி போடுவீர்கள். பெருஞ்சாணித் தண்ணீர் பரளியாற்றில் இறங்கும். இரண்டும் மூவாற்றுமுகத்தில் கூடிக் குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்குப் போகும். இந்த வழி நெடுகிலும், கூடாரம் போட ஆசை வருகிற மாதிரி வெள்ளை மணலும் தட்டைப் பாறையும் கிடக்கின்றன. மணலைக் கொண்டுவந்து போட்டதும் பாறையைத் தேய்த்துத் தட்டையாக்கியதும் இதே தண்ணீர்தான்.

போன சித்திரையில் நடந்ததைச் சொல்கிறேன். விடியற்காலையில் நடக்கப் போனபோது ஆற்று மணலில் ஐந்து கூடாரம். மேலே ரோட்டில் இரண்டு கார், ஒன்று கேரளப் பதிவு, இன்னொன்று கர்நாடகம். பிள்ளைகள் எழுந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள். மரியாதையான பிள்ளைகள். எனக்கும் ஒரு கப் கொடுத்தார்கள், சீனி போடாமல். கூடாரங்களை ஒரு நிறுவனத்தில் வாடகைக்கு எடுத்தார்களாம், இடத்தையும் அவர்களே போனில் படமாக அனுப்பிவிட்டார்களாம். "ராத்திரி இங்க படுக்கக் கூடாது மக்களே" என்றேன். அவர்களில் ஒரு பையன், கண்ணாடி போட்டவன், ரொம்பப் பணிவாகக் கேட்டான்: "அங்கிள், இது பப்ளிக் லேண்ட்தானே?"

"புறம்போக்குதான் மக்களே. ஆனா மேல மடையைத் தூக்கினா இதுதான் ஆறு" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்த 'பப்ளிக் லேண்ட்' என்ற சொல் என் மண்டைக்குள்ளேயே கிடந்தது. ஏனென்றால் அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அமெரிக்காவில் அந்தப் பெயர் சொல்கிற நிலத்தில் நான் படுத்திருக்கிறேன்.

என் மகள் அரிசோனா மாநிலத்தில் நர்ஸ். (எங்கள் மாவட்டத்தில் எந்தத் தெருவில் கல் எறிந்தாலும் ஒரு நர்ஸின் அப்பா மேல் விழும்.) 2023-இல் நானும் மனைவியும் அங்கே போயிருந்தோம். செப்டம்பர் கடைசியில் மருமகன் எங்களை பீனிக்ஸிலிருந்து வடக்கே ஃபிளாக்ஸ்டாஃப் என்ற மலை ஊருக்குக் கூட்டிப்போனார். ஊட்டி மாதிரி உயரம், சுமார் 7,000 அடி. அதைச் சுற்றியிருப்பது கோகோனினோ தேசிய வனம். அந்த ஒரு வனம் மட்டும் எங்கள் குமரி மாவட்டத்தைப் போல நாலு மடங்குக்கும் மேல். ஊசியிலை மரங்கள், நடுவே மண்ரோடு, ஆளே இல்லை.

அங்கே இரண்டு விதமாகத் தங்கலாம். ஒன்று, காசு கட்டும் முகாம் இடம். மேசை, கக்கூஸ், குழாய் எல்லாம் உண்டு. இன்னொன்று, காட்டுக்குள் எங்காவது தள்ளிப்போய்த் தனியாகப் போட்டுக்கொள்வது. அதற்குக் காசு கிடையாது, முன்பதிவு கிடையாது. அதே சமயம் குழாய், கக்கூஸ், குப்பைத்தொட்டி, கேட்பதற்கு ஆள் எதுவும் கிடையாது. பதினான்கு நாளைக்கு மேல் தங்கக் கூடாது. மருமகனுக்கு இந்த இரண்டாவதுதான் பிடிக்கும். செலவில்லையே!

"எங்கே வேண்டுமானாலும் போடலாமா?" என்று நான் கேட்டதற்கு அவர் நேரே என்னை வனத்துறை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். பச்சை உடுப்பு போட்ட ஒரு பெண் ஒரு பெரிய தாளை மடித்துக் கொடுத்தார். இனாம். கறுப்பு வெள்ளையில் அச்சடித்த வரைபடம், அழகே கிடையாது. காட்டு ரோடுகள் எல்லாம் எண் போட்டு இருந்தன. சில ரோடுகளின் ஓரத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக வைத்திருந்தார்கள். புள்ளி உள்ள ரோட்டில் வண்டியை ஓரமாக இறக்கிக் கூடாரம் போடலாம். புள்ளி இல்லாத ரோட்டில் அப்படி வண்டியை இறக்கக் கூடாது. அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருஷ அரசாங்க வேலையில் இவ்வளவு தெளிவான ஒரு தாளை நான் பார்த்ததில்லை என்று மகளிடம் சொன்னேன்.

தண்ணீர் இருபது லிட்டர் கேனில் கொண்டுபோனோம். குப்பையை ஒரு பையில் கட்டி வண்டியிலேயே திரும்பக் கொண்டுவந்தோம். வெளிக்குப் போவதற்கு ஒரு குட்டி மண்வெட்டி. ஓடையோ குளமோ இருந்தால் அதிலிருந்து 200 அடி தள்ளி, அதாவது ஓர் ஆள் நடையில் எழுபது எட்டு தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குலம் குழி தோண்டி, பிறகு மூடிவிட வேண்டும். என் மனைவி மண்வெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தனை மணி நேரம் பிளேன்ல வந்தோம்? ஊர்ல கக்கூஸ் கட்ட மானியம் தாராங்க" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை ஃபிளாக்ஸ்டாஃப் போய்ச் சேரும்வரை அடக்கிக்கொண்டே இருந்துவிட்டாள். ராத்திரி எல்க் என்கிற பெரிய மான் கூவியது. மான் என்று சொன்னால்தான் மான், கேட்டால் யாரோ துருப்பிடித்த மடையைத் தூக்குவது மாதிரி இருந்தது. எனக்கு அந்தச் சத்தத்தில் நல்ல தூக்கம்.

காலையில் மருமகன் நெருப்பை அணைத்த விதம்தான் எனக்குப் பிடித்தது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார், குச்சியால் கிண்டினார், மறுபடி ஊற்றினார், பிறகு சாம்பலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். சூடு இருந்தால் இன்னொரு வாளி. கோடையில் காடு காய்ந்து கிடக்கும்போது நெருப்பே மூட்டக் கூடாது என்று அங்கே அடிக்கடி உத்தரவு போடுவார்களாம்.

சரி, ஊருக்கு வருகிறேன். திரும்பி வந்த வாரமே அந்த எழுபது எட்டை இங்கே அளந்து பார்த்தேன். பைத்தியக்காரத்தனம்தான். எங்கள் கடவில், அதாவது ஆற்றில் இறங்கும் படித்துறையில், தண்ணீர் விளிம்பில் நின்று, மேட்டைப் பார்த்து எண்ணிக்கொண்டே நடந்தேன். பதினைந்து வரை மணல், பிறகு கைதைக்காடு (தாழம்புதர்). முப்பத்தெட்டில் ஒரு ரப்பர் விளையின் கம்பிவேலி. விளைக்காரர் எனக்குத் தெரிந்தவர் என்பதால் உள்ளே போனேன். ஐம்பதில் அவர் ரப்பர் பால் உறைய வைக்கும் தட்டுகள். அறுபத்தொன்றில் மரச்சீனி. அறுபத்தெட்டில் மாட்டுத் தொழுவம். எழுபதாவது எட்டில் அவருடைய அடுக்களை வாசல். "என்ன அண்ணே, எதைத் தொலைச்சீங்க?" என்று கேட்டார். என்ன சொல்வது?

இதுதான் வித்தியாசம். 2011 கணக்கெடுப்பில் எங்கள் மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். அணைக்குக் கீழே ஆற்றோரம் ஆளில்லாத இடம் என்று ஒன்று கிடையாது. ஒன்று ஆற்றின் படுகை, இல்லாவிட்டால் யாருடையதாவது விளை. கூடாரக்காரர்கள் விளைக்குள் போனால் நாய் குரைக்கும், ஆள் கேட்பான். அதனால் படுகையில் இறங்குகிறார்கள். காணொளியில் அமெரிக்காக்காரன் படுத்ததைப் பார்த்து இவர்களும் படுக்கிறார்கள். அவன் கையில் ஒரு வரைபடம் இருந்தது காணொளியில் தெரிவதில்லை.

அந்தப் படுகையில் படுத்தால் என்ன ஆகும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இடம் போதாது என்றால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

தொண்ணூறுகளில் ஓர் ஐப்பசி மாதம். கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் நடவு சமயம். மேலே நாலு நாளாக மழை, பெருஞ்சாணி நிறைந்துகொண்டிருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு மறுகால் திறக்கப் போகிறோம் என்று தகவல் வந்தது. கீழே இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு வரும்படி என்னையும் இன்னொருவரையும் அனுப்பினார்கள். அப்போது செல்போன் ஏது? சைக்கிள்தான். கடவு கடவாக நின்று கத்திக்கொண்டே போனோம். கீழே எங்களுக்கு அன்று மழையே இல்லை, வானத்தில் நிலா. அதுதான் மோசம். நிலா அடிக்கிறபோது வெள்ளம் வரும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

புத்தன் அணைக்கு மேலே ஒரு திருப்பத்தில் ஆற்று நடுவில் வெளிச்சம் தெரிந்தது. நடுப்பாறையில் தார்ப்பாயைக் கட்டி, கல் கூட்டி அடுப்பு வைத்து, ஆறு மாணவர்கள் கோழி வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். பரீட்சை முடிந்த கொண்டாட்டம். கரைக்கும் அந்தப் பாறைக்கும் இடையில் முழங்கால் அளவு தண்ணீர். அதில் நடந்துதான் போயிருக்கிறார்கள். நாங்கள் கத்தினோம். ரேடியோவில் பாட்டு, அவர்களுக்குக் கேட்கவில்லை. கேட்டபோது, இந்தா வருகிறோம், கோழி வெந்துவிடட்டும் என்று கையைக் காட்டினார்கள்.

நான் தண்ணீரைப் பார்த்தேன். டார்ச் வெளிச்சத்தில் அது சாயா நிறத்துக்கு மாறியிருந்தது. சருகும் சுள்ளியும் நுரையும் மிதந்து வந்தன. மண் வாசனை தூக்கி அடித்தது. வெள்ளத்துக்கு முந்தி வருகிற ஆள் அதுதான், அவன் வந்துவிட்டால் பின்னால் வருபவனுக்கு அதிக நேரம் ஆகாது. "மக்களே, தண்ணி வந்துட்டு! சாமானை விட்டுட்டு ஓடி வாங்க!" என்று நாங்கள் இரண்டு பேரும் இறங்கி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். முதல் பையன் வரும்போது முழங்கால், மூன்றாவது பையன் வரும்போது தொடை. கடைசிப் பையன் வரும்போது இடுப்புக்கு வந்துவிட்டது, அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான்! அவன் சட்டைக் காலரைப் பிடித்துத்தான் இழுத்தோம், காலர் என் கையோடு வந்துவிட்டது. ஆளையும் எப்படியோ கரை சேர்த்தோம்.

மேலே ஏறித் திரும்பிப் பார்த்தபோது பாறை இல்லை. வெளிச்சம் இல்லை. ரேடியோ ஒரு கணம் பாடிக்கொண்டே போனது போல எனக்கு ஞாபகம். கூட வந்தவர் அப்படியெல்லாம் இல்லை என்பார்.

இவர்கள் முட்டாள்கள் இல்லை. தண்ணீர் மழையோடு வரும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆற்றில் அப்படி இல்லை, மேலே எங்கோ பெய்தது இங்கே வரும். மழையே இல்லாமலும் வரும். கன்னிப்பூ என்கிற முதல் போக நெல்லுக்கு ஜூனில் பாசனத்துக்குத் தண்ணீர் விடும்போது பெருஞ்சாணியிலிருந்து ஆற்றிலேயே இறங்கிப் புத்தன் அணைக்கு வந்துதான் கால்வாய்களுக்குப் பிரியும். கோடையில் அணையை அடைத்து, ஆறு வற்றி, மணலும் பாறையும் பளிச்சென்று தெரிகிற நேரம்தான் பள்ளிக்கூட லீவும் வரும். அப்போதுதான் மலைமேல் சாயங்காலம் இடியோடு கோடை மழையும் கொட்டும். காட்டோடையில் வருகிற அந்த வெள்ளத்துக்கு மடையும் கிடையாது, சைக்கிளில் வந்து கத்துகிற லஸ்கரும் கிடையாது.

அரிசோனாவிலும் இதே கதைதான் என்று அங்கே தெரிந்துகொண்டேன். வறண்ட மணல் ஓடை ஒன்று கூடாரம் போட மெத்தை மாதிரி இருந்தது. நான் அதைக் காட்டினேன், மருமகன் தலையை ஆட்டிவிட்டார். அங்கேயும் ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை மழைக்காலம், அதற்கு அவர்களும் மான்சூன் என்றுதான் பெயர் சொல்கிறார்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று அதே மாநிலத்தில் ஆன்டிலோப் என்ற குறுகிய பாறைப் பிளவுக்குள் நடந்துகொண்டிருந்த 11 பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மழை பெய்தது பல மைல் தள்ளி. ஒரு லஸ்கருக்கு அந்த ஓடையைப் பார்த்தவுடன் தெரிந்திருக்க வேண்டும். வெளியூர் போனால் நமக்கும் புத்தி மாறிவிடுகிறது.

ஆற்றைப் பற்றி இவ்வளவு. காட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு, சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, சுமார் 402 சதுர கிலோமீட்டர், வனவிலங்குச் சரணாலயம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம் (27-ஆவது பிரிவு), நெருப்பு மூட்டுவது தனிக் குற்றம் (30-ஆவது பிரிவு). எனவே 'காட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் படுக்கலாம்' என்பது இங்கே கிடையவே கிடையாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024-இல் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு நடக்க ஏற்பாடு செய்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் நடப்பது வேறு, ராத்திரி படுப்பது வேறு.

கட்டுரையில் 'மனிதர் காலடி படாத காடு' என்று ஒரு வரி இருந்தது. பேச்சிப்பாறைக்கு மேலே காணி என்கிற பழங்குடி மக்கள் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறார்கள். மோதிரமலைப் பக்கத்தில் எனக்கு ஒரு காணிக்காரர் பழக்கம், மிளகும் தேனும் கொண்டுவருவார். அந்த வரியை அவரிடம் வாசித்துக் காட்டினேன். "அப்போ எங்க காலு?" என்றார். ராத்திரி பயிர்க் காவலுக்கு அவர்கள் மரத்தில் ஏறுமாடம் கட்டித்தான் இருப்பார்கள். தரையில், அதுவும் ஓடைக்குப் பக்கத்தில், படுக்க மாட்டார்கள். ஓடைக்கு ராத்திரி வருபவர் யார் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனைத்தடத்தில் கூடாரம் போட்டால் ஆனை சுற்றிக்கொண்டா போகும்? அரிசோனாவில் ஒரு மாநிலச் சட்டம் இருக்கிறது. விலங்கும் கால்நடையும் குடிக்க வேறு தண்ணீர் பக்கத்தில் இல்லையென்றால், அந்த நீர்க்குழியிலிருந்து கால் மைலுக்குள் முகாம் போட்டு அவற்றை மறிக்கக் கூடாது. விலங்கு வருவது காட்டுக்குள் மட்டும் என்றும் இல்லை. 2023-இல் சிற்றாறு, பத்துகாணிப் பக்கம் ஆடு மாடுகளைப் பிடித்த புலிக்கு வனத்துறை கூண்டு வைத்துக் காத்திருந்ததை நீங்களேதான் செய்தியாகப் போட்டீர்கள். அது ரப்பர் தொழிலாளர் குடியிருப்பு.

குப்பையைப் பற்றி நிறைய எழுத ஆத்திரம் இருக்கிறது, ஆனால் எல்லாரும் எழுதுகிறார்கள். ஒன்று மட்டும். குழித்துறை ஆற்றில் கூட்டுக் குடிநீர்த் திட்டக் கிணறுகள் ஆற்றுக்குள்ளேயே இருக்கின்றன. மேலே கரையில் குழி தோண்டாமல் போனது கீழே குழாயில் வரும். எங்கள் கடவில் உடைந்த பாட்டில் குத்தி என் மைத்துனிக்கு உள்ளங்காலில் நாலு தையல். காயத்தோடு ஆற்றுத் தண்ணீரில் நிற்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும் என்று மகள் போனில் திட்டினாள். பிறகு துணி துவைக்க அங்கே போவதையே மைத்துனி விட்டுவிட்டார். அறுபது வருஷமாக இறங்கிய படி.

என்ன செய்யலாம்? தடை போடுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. 'குளிக்கத் தடை' பலகைக்குக் கீழேயே சோப்பு வைத்துவிட்டுக் குளிக்கிற ஊர் இது. வேண்டியது அந்தப் பச்சை உடுப்புப் பெண் கொடுத்த மாதிரி ஒரு தாள். மாவட்ட நிர்வாகமும் நீர்வளத் துறையும் வனத்துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் முடிகிற வேலை. அணைகளுக்குக் கீழே ஆற்றுப் படுகை முழுவதும், வெள்ளம் ஏறுகிற மட்டம் வரை, சிவப்பு. சரணாலயமும் காப்புக்காடும், அனுமதி இல்லாமல் கூடாது என்று இன்னொரு நிறம். மிச்சத்தில் மேட்டு நிலமாக, ஊர்க்காரர் சம்மதித்த இடமாகப் பார்த்து நாலைந்து புள்ளி. ரப்பர் விளை வைத்திருப்பவர்கள் சிலர் ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு இடம் விடத் தயாராகவே இருக்கிறார்கள். ரப்பர் விற்கிற விலைக்கு அதுவும் ஒரு வருமானம். தாளைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்து, கூடாரம் வாடகைக்கு விடுபவர்கள் ஒவ்வொரு கூடாரத்தோடும் ஒன்று கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

எந்த இடங்களில் புள்ளி வைக்கலாம் என்று என் மனதில் ஆறு இடம் இருக்கிறது. இங்கே எழுத மாட்டேன். எழுதினால் வருகிற ஞாயிறே அங்கே அறுபது கூடாரம் நிற்கும். தாள் போடுகிற அதிகாரிகள் யாராவது வந்தால் கூட நடந்து காட்டுகிறேன். எனக்கு இப்போது மூட்டுவலி, மெதுவாகத்தான் நடப்பேன், ஆனால் வெள்ள மட்டத்தை மரம் மரமாகக் காட்ட முடியும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்த உள்பக்கப் பெட்டியில் இன்னும் ஒரே ஒரு வரி சேருங்கள். எந்த அணையில் மறுகால் திறந்திருக்கிறது, எதில் திறக்க வாய்ப்பு இருக்கிறது, அதனால் எந்த ஆற்றில் இறங்கக் கூடாது. எண்ணை மட்டும் போட்டால் எங்களுக்குப் புரியும், பெங்களூரிலிருந்து வருகிற பையனுக்குப் புரியாது. முடிந்தால் பெட்டியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கே தினமும் ஒரு நகைக்கடை விளம்பரம் கால் பக்கத்துக்கு நிற்கிறது, கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். அந்த ஐப்பசி வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், புத்தன் அணையில் அடைத்திருந்த சருகையும் கட்டையையும் வாரும்போது ஓர் அலுமினியப் பானை கிடைத்தது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, அடியில் கரி. அந்த மாணவர்களுடையதுதான். யாராவது கேட்டு வருவார்கள் என்று வீட்டில் வைத்திருந்தேன், வரவில்லை. இப்போது அதில் எங்கள் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கிறோம். அவர்களில் யாராவது இதைப் படித்தால், ஐம்பது வயதை நெருங்கியிருப்பார்கள், எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். காலர் மட்டும் இல்லை, அது அன்றைக்கே ஆற்றோடு போயிற்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாசன ஊழியர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்